சின்ன நாற்காலி

“அம்மா, பிள்ளை காதுல நீங்க ஓதினா எப்படி? அவளே சொல்லட்டும்!”

மிஸ்ஸின் குரலில் கண்டிப்பு இல்லை, சிரிப்புதான் இருந்தது. ஆனாலும் காதில் ஓதியவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. குழந்தைகளுக்கான சின்ன நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தவள், இன்னும் கொஞ்சம் குறுகிக்கொண்டாள்.

வங்கியின் மாடி ஹாலில் சிறுவர்களுக்கான பண வகுப்பு. மொத்தம் ஆறு சனிக்கிழமை. ஒவ்வொரு குழந்தையோடும் பெரியவர் ஒருவர் வர வேண்டும். பாடம் நடத்தும் இளம் அதிகாரியைப் பெரியவர்கள்கூட ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இன்று கடைசி நாள், பரீட்சை. தேறினால் கையோடு சேமிப்புக் கணக்கு தொடங்கி பாஸ்புக் கொடுத்துவிடுவார்கள்.

“சொல்லு வாண்டு,” என்றார் மிஸ். எட்டு வயதுக்கு ஏற்ற உயரம்கூட இல்லாததால் முதல் நாளே விழுந்த பெயர். “மாசம் நூறு உன் கைக்கு வருது. முதல்ல என்ன செய்வ?”

“ஐஸ்கிரீம்.”

“சரி, மீதியை?”

“ரெண்டாவது ஐஸ்கிரீம்.”

ஹாலே சிரித்தது.

“போகட்டும். வட்டின்னா என்ன?”

வாண்டு பதிலுக்கு ஒரு கொட்டாவி விட்டது.

அவளுக்கு இரண்டு பதிலும் மனப்பாடம். நூறில் முதலில் பத்தை எடுத்து வைக்க வேண்டும், அப்புறம்தான் செலவு; நாலாவது வாரம் நடத்தினார்களே! மடியிலிருந்த நோட்டைப் புரட்டி, சிவப்பு மையில் கோடு போட்ட வரியை வாண்டு பக்கம் தள்ளினாள்.

“ஏன் இடிக்கிறீங்க?” என்றது வாண்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பையனின் அப்பா எட்டிப் பார்த்தார். “நோட்டெல்லாம் போட்டு வச்சிருக்கீங்களே! வட்டிக்குத் தனிப் பக்கமா? என் பையனோட ஸ்கூல் நோட்டையே நான் இதுவரைக்கும் பார்த்ததில்லைங்க.”

அவள் பதில் சொல்வதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஸ்கூல் ஆபீஸ்ல இருந்து பேசறேம்மா. பேங்க் கணக்கு நம்பர் என்னாச்சு? பன்னண்டு மணிக்கு லிஸ்ட்டை மூடறோம். அப்புறம் அடுத்த பேருக்குப் போயிடும், என்னைச் சொல்லிக் குத்தமில்ல.”

“ஸ்கூல் லிஸ்ட்டை மூடறதுக்குள்ள வாங்கிடுவேன் சார். பேங்க்லதான் இருக்கேன். இதோ, இப்ப வாங்கிடுவேன்.”

“ஸ்காலர்ஷிப்பா?” என்றார் பையனின் அப்பா. “போன வருஷம் எங்களுக்கும் இதே அலைச்சல்தான். உயிரை எடுத்துடுவாங்க.”

அவள் சும்மா சிரித்து வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

அடுத்தது பணம் கட்டும் சீட்டு. தேதி, பெயர், தொகை எண்ணிலும் எழுத்திலும், கடைசியில் கையெழுத்து. அடித்தல் திருத்தல் கூடாது. பத்து நிமிடம். பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

வாண்டு பேனாவைக் கடித்தது. ஜன்னலைப் பார்த்தது. அப்புறம் குனிந்து மும்முரமாக வேலையில் இறங்கியது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் கையும் தன்பாட்டுக்கு மேஜையில் கிடந்த இன்னொரு சீட்டில் எதையோ எழுதத் தொடங்கியது.

எழுதி முடித்து எட்டிப் பார்த்தாள். வாண்டுவின் சீட்டில், தொகை எழுத வேண்டிய கட்டத்துக்குள் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. மீசை மட்டும்தான் பாக்கி.

‘வேண்டாம்டா கண்ணு’ என்று அவள் உதடு அசைந்தது. வாண்டு மீசையையும் வரைந்து முடித்தது.

மிஸ் மேஜை மேஜையாக வந்தார். பையனின் சீட்டில் ஒரு ‘டிக்’ விழுந்தது. வாண்டுவின் சீட்டைத் தூக்கிப் பிடித்தார்.

“பூனை நல்லாருக்கு. ஆனா பூனைக்கெல்லாம் பாஸ்புக் கிடையாதே! பரவாயில்லம்மா, அடுத்த மாசம் புது வகுப்பு ஆரம்பிக்குது. மறுபடி கூட்டிட்டு வாங்க.”

“அடுத்த மாசமா?” அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது. “முடியாது மிஸ், இன்னிக்கே வேணும். போட்டோ, அடையாள அட்டை எல்லாம் கொண்டு வந்திருக்கேன். இதை... இதைக் கொஞ்சம் பாருங்க.”

பிளாஸ்டிக் கவரோடு சேர்த்து, தான் எழுதிய சீட்டை நீட்டினாள். மிஸ் வாங்கிப் பார்த்தார். எண்ணும் எழுத்தும் ஒன்றுபோல. ஓர் அடித்தல்கூட இல்லை.

“அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஆனா இது நீங்க எழுதினதும்மா. கணக்கு யாருக்கு?”

“எனக்குத்தான்.”

பையனின் அப்பா முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“ஸ்கூல் சமையல்கட்டுல வேலை கிடைச்சிருக்கு மிஸ். சம்பளத்தை பேங்க்லதான் போடுவாங்களாம். எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நான் இந்தப் படியை மிதிச்சதில்ல. கீழ கவுண்டர்ல போய்க் கேட்டேன், ‘இந்த வயசுல இதுகூடத் தெரியாதா’ன்னு சிரிச்சுட்டாங்க. சின்னப் பிள்ளைங்களுக்குன்னா சிரிக்காம சொல்லித் தர்றீங்களே, அதான்...”

மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்தச் சீட்டில் பெரிதாக ஒரு ‘டிக்’ போட்டார்.

“எழுந்திருங்க. கவுண்டருக்கு நானே கூட வரேன். யார் சிரிக்கிறாங்கன்னு பார்த்துடலாம்.” இரண்டு எட்டு வைத்தவர் நின்று திரும்பினார். “ஆமா, அப்ப உங்க பொண்ணை எதுக்கு ஆறு வாரமா...?”

“நான் இவங்க பொண்ணு இல்ல மிஸ், மாடி வீட்டுப் பொண்ணு,” என்று பேனாவை மூடியது வாண்டு. “குழந்தை இல்லாம உள்ள விட மாட்டீங்கன்னு, வாரத்துக்கு ஒரு ஐஸ்கிரீம்னு பேசித்தான் அத்தை என்னைக் கூட்டிட்டு வந்தாங்க, அதுல இன்னும் ரெண்டு பாக்கி, வட்டியோட மூணு!”