எது அதிகமா சத்தம் போடும்?

"இதுல எது அதிகமா சத்தம் போடும்?"

காபி மெஷின்கள் வரிசையாக இருந்த அலமாரி முன்னால் நின்று அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். விற்பனைப் பெண் தனக்குத்தான் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தாள்.

"சத்தம் கம்மியா இருக்கிறது எதுன்னுதானே சார் கேக்கறீங்க?"

"இல்லம்மா. அதிகமா."

பக்கத்தில் நின்ற மைத்துனன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று இரண்டு நாள் லீவில் வந்திருந்தான். காய்கறி வாங்கலாம் வா என்று கூப்பிட்ட மாமா, வெறும் பையோடு இந்தக் கடைக்குள் நுழைந்ததே அவனுக்குப் பிடிக்கவில்லை.

அந்த வீட்டின் ஒரே குழந்தை, ஏழு வயசுப் பெண், காய்ச்சலில் போய் நாலு மாசம்கூட ஆகவில்லை. அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. யார் என்ன கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். இந்த லட்சணத்தில் மனுஷனுக்குக் காபி மெஷின் கேட்கிறது.

"ஒரு நாளைக்கு எத்தனை கப் போடுவீங்க சார்?"

"காலையில மட்டும். நான் காபி குடிக்கிறதில்ல. டீதான்."

"அப்போ மேடத்துக்கா?"

"அவளும் விட்டுட்டா."

விற்பனைப் பெண் மைத்துனனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதலில் ஒரு சின்ன மெஷினைக் காட்டினாள். "பட்டனை அமுக்கினா அரை நிமிஷத்துல எஸ்பிரெஸோ இறங்கிடும். பக்கத்துல தூங்கறவங்களுக்குக்கூடத் தெரியாது."

"வேண்டாம்."

கையால் அழுத்தும் மெஷின் ஒன்று. அதுவும் வேண்டாம்.

"இதுல கொட்டை அரைக்கிறது, காபி இறக்கறது, பால் நுரைக்கிறது எல்லாம் ஒண்ணுலயே இருக்கு. ஆனா அரைக்கும்போது காதைப் பிளக்கும் சார். ரெண்டு பேர் இதனாலயே திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க."

"போட்டுக் காட்டும்மா."

மெஷின் கரகரவென்று கத்தியது. கடையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றதும் மைத்துனனின் தோளைத் தொட்டார்.

"நான் அந்தக் கதவுக்குப் பின்னால போய் நிக்கறேன். மறுபடி போடச் சொல்லு. நீ இங்க நின்னு பேசு."

"என்ன பேசறது?"

"எதையாவது. உரக்கப் பேசு. கேக்குதான்னு பாக்கணும்."

அவர் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மெஷின் கத்த ஆரம்பித்தது. மைத்துனனுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாயில் வந்துவிட்டது.

"உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா மாமா? எங்க அக்கா உயிரோட செத்துக்கிட்டு இருக்கா. உங்களுக்குக் காபி கேக்குதா?"

விற்பனைப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார். "ஒரு வார்த்தை கேக்கல. இதையே கட்டிடும்மா."

வீட்டுக்கு வந்து சமையலறை மேடையில் மெஷினை வைத்தபோது மனைவி வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"காலையில ஆறு மணிக்குப் போடுவேன். சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கும். பரவாயில்லையா?"

"போட்டுக்கோங்க," என்றாள். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

மைத்துனன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மறுநாள் காலை ஆறு மணி. கூடத்தில் படுத்திருந்தவன் அந்தச் சத்தத்தில் தூக்கிவாரிப்போட்டு எழுந்தான். நேரே சமையலறைக்குப் போனான். மாமா மெஷினுக்கு முன்னால் நின்றிருந்தார். யாரும் தொடாத காபி இரண்டு கோப்பைகளில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது நிரம்பிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க மாமா. அக்காவைப் பத்தி உங்களுக்குக் கொஞ்சம்கூட..."

கோப்பை நிரம்பி, மெஷின் தானாகவே நின்றது.

சமையலறையை ஒட்டியிருந்த குளியலறையிலிருந்து ஒரு அலறல் வந்தது. குழந்தையைக் கூப்பிடுகிற குரல். பாதிப் பெயரிலேயே அது அறுந்துபோனது. அப்புறம் குழாய்த் தண்ணீர் கொட்டுவது மட்டும் கேட்டது.

மாமா அவசரமாக வேறு கோப்பையை வைத்துப் பட்டனை அமுக்கினார். மெஷின் மறுபடி கரகரவென்று கத்தியது.

பிளக்கைப் பிடுங்க நீட்டிய மைத்துனனின் கை அப்படியே நின்றது. மாமா அவன் காதருகே குனிந்தார்.

"தினமும் இந்நேரம் உள்ள போவா. குழாயைத் திறந்து விட்டுட்டு, துண்டை வாயில திணிச்சுக்கிட்டு அழுவா. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு. துவைக்கப் போட்டப்போதான் பார்த்தேன். துண்டு ஓரமெல்லாம் பல் பட்டுக் கிழிஞ்சிருக்கு."

மைத்துனன் சுவரில் சாய்ந்துகொண்டான். கோப்பை நிரம்பும் தறுவாயில், அவனே எட்டி அதைச் சிங்க்கில் கவிழ்த்து அடியில் வைத்துவிட்டு, மெஷின் நிற்பதற்குள் மறுபடி பட்டனில் விரலை வைத்தான்.

"இத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடலாமே மாமா. உங்க தோள்ல சாஞ்சு அழுதுட்டுப் போகட்டுமே."

அவர் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா, எனக்காக இந்த அழுகையையும் நிறுத்திடுவாடா."