பத்துப் பாராட்டுகள்

தனியாளாகத் தொழில் தொடங்கியவர்களுக்கான அந்த இணையக் குழுவில் ஒரு விதி உண்டு. பத்துப் பேர் செய்ததைப் பாராட்டிய பிறகுதான் நாம் செய்ததைப் போட முடியும். சுகிர்தா பல் தேய்த்தபடியே பத்துப் பேரைப் பாராட்டி முடித்து, எட்டு மாதம் உட்கார்ந்து செய்த மாத்திரை நினைவூட்டும் செயலியின் இணைப்பைப் போட்டாள். மதியத்துக்குள் எண்பத்து மூன்று பாராட்டுகள். 'டிசைன் செம!' 'எங்கப்பா காலைலேர்ந்து இதத்தான் யூஸ் பண்றார்.' அந்த அப்பாவை நினைத்து அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அறைத்தோழி ரஹமத் இடது கையால் தன் போனை நீட்டினாள். "ஏய், உன் லிங்க் ஓப்பனே ஆகலடி." சுகிர்தா வாங்கிப் பார்த்தாள். அது சோதித்துப் பார்க்க வைத்திருந்த முகவரி. அவளுடைய மடிக்கணினியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் திறக்காது. எண்பத்து மூன்று பேர். ஒரு அப்பா. "அப்ப ஒருத்தர்கூடவா தொறந்து பாக்கல?" என்றாள் ரஹமத். அந்நேரம் சுகிர்தாவுக்கு ஒரு செய்தி வந்தது. காலையில் அவள் பாராட்டிய பத்துப் பேரில் ஒருவன், பிரான்சிஸ். 'அக்கா, தினமும் இதத்தான் யூஸ் பண்றேன்னு எழுதியிருந்தீங்கல்ல? அந்த ஒரு வார்த்தைய நம்பி இப்பதான் வேலைய விட்டுட்டு வெளிய வந்து நிக்கறேன்.' சுகிர்தா அவனுடைய இணைப்பை முதன்முதலாகத் தொட்டாள். அது உடனே திறந்தது. 'வாங்க! முதல் தடவையா வர்றீங்க போல. உங்க பேரு என்ன?'