விரல் பத்தும்

ஒரு முலாம் பூசும் பட்டறைச் சுவரில் இரண்டு ஜோடிக் கையுறைகள் தொங்கின. தோல் கையுறை தீப்பொறி பட்டுப் பட்டுத் தழும்பேறியது. முழங்கை வரை நீண்ட ரப்பர் கையுறையோ ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை.

"நீ பாத்திரம் தேய்க்கத்தான் லாயக்கு, தம்பி" என்று தோல் கையுறை கேலி செய்யும்.

ஒருநாள் காலையில் அமிலக் குழாய் விரிசல் விட்டுப் பீறிட்டது. உடனே வால்வை மூட வேண்டும். அங்கே வேலை பார்த்த செங்கமலம் ஏப்ரனும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் தோல் கையுறையை நோக்கிக் கை நீட்டினாள்.

"ஐயோ, நான் அமிலத்தை உறிஞ்சிவிடுவேனே! இவள் கை வெந்துபோகுமே! தம்பி, நீ போ!" என்று தோல் கையுறை அலறி, ஆணியிலிருந்து தானே நழுவி விழுந்தது.

நீட்டிய கை ரப்பர் கையுறையில் பட்டது. "அட, அமிலத்துக்கு இதுதானே!" என்று செங்கமலம் அதை முழங்கை வரை இழுத்து மாட்டினாள்.

அமிலம் சீறியடித்தபோது ரப்பர் கையுறை ஒரு சொட்டைக்கூட உள்ளே விடவில்லை. வால்வு கிறீச்சிட்டுத் திரும்பியது. சீற்றம் அடங்கியது. பட்டறையே கைதட்டியது.

அவள் கையுறையை நன்றாகக் கழுவிக் கழற்றியதும், தரையில் கிடந்த தோல் கையுறை பதறிக் கேட்டது: "தம்பி, அவ விரல் பத்தும் இருக்கா?"

"இருக்கு அண்ணே!" என்று கூவியது ரப்பர் கையுறை. "வச்ச மருதாணிகூட அழியலை!"