அறுபது பேர் வேண்டும்

"இந்த ஆனந்தராஜா அண்ணைக்கு விசர் பிடிச்சிட்டுது!"

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் தன் வீட்டு மேசைக்கு முன்னால் இருந்து கணினியைப் பார்த்துக் கத்தினார் ஜெயசிங்கம்.

இணையத்தில் அவர் நடத்தும் அரட்டை அறை அது. வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் நாட்டின் மூலைமுடுக்குத் தமிழர் எல்லாம் அங்கே கூடுவார்கள். மே மாதம் இலங்கையில் சண்டை முடிந்த பிறகு ஊரைப் பற்றிக் கதைக்க ஒருவருக்கும் தெம்பில்லை. கதைத்தால் அழுகை வரும், இல்லாவிட்டால் அடிபாடு வரும். அதனால் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே யார் வென்றாலும் தோற்றாலும் இங்கே ஒருவருக்கும் நோகாது.

அறைக்கு ஒரு மைக்தான். ஒருவர் கதைக்க, மற்றவர்கள் எழுதலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம். தாண்டினால் ஜெயசிங்கம் திரையில் உள்ள சிவப்புப் பொத்தானை மௌஸால் அமத்தி வாயை மூடிவிடுவார். போன கிழமை ஹோர்சன்ஸ் நகரத்து அந்தோனிதாசன் மூன்றாவது நிமிடத்தில் 'ஆனால்' என்றார். அந்த 'ஆனால்' அப்படியே நின்றுவிட்டது.

இன்று அமெரிக்கா இல்லை. அடுத்த ஞாயிறு அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் போரில் செத்தவர்களுக்கு நினைவு ஆராதனை. ஐம்பது படங்களோடு கையேடு மதியமே அச்சகத்துக்குப் போய்விட்டது. ஐம்பத்தோராவது படத்தையும் சேர்ப்பதா என்பதுதான் பேச்சு.

அறையில் இருக்கும் விமலராணியின், காணாமல் போன தம்பியின் படம்.

"இன்னும் ஒரு செய்தியும் வரேல்லை. தம்பியின்ரை படத்தை இப்ப போடவேண்டாம்" என்று அவள் எழுதியிருந்தாள்.

"அஞ்சு மாதமாச்சு தங்கச்சி," என்றார் அந்தோனிதாசன். "எல்லாற்றை பேரையும் கர்த்தருக்கு முன்னாலை வாசிச்சுப்போட்டு, அவனை மட்டும் விடுறது அவனுக்குச் செய்யிற அநியாயம். வாக்கெடுப்பு வையுங்கோ ஜெயசிங்கமண்ணை. அஞ்சு மணிக்கு அச்சகம் பூட்டிப்போடுவாங்கள்."

பதினெட்டுப் பேரில் பதினைந்து பேர் அவர் பக்கம். எல்லாருக்கும் தெரியும். விமலராணிக்கும் தெரியும்.

நாலு மணிக்கு மைக்கை எடுத்தார் பிரெடெரிசியா நகரத்து ஆனந்தராஜா.

"வாக்கெடுப்புக்கு முதல் அமெரிக்காவைப் பற்றி ரெண்டு வார்த்தை. அங்கை நூறு செனட்டர்மார். ஒருத்தன் எழும்பிக் கதைக்கத் தொடங்கினால், அவன்ரை வாயை மூட அறுபது பேர் வேணும். அறுபது சேராட்டி வாக்கெடுப்பே இல்லை..."

இது எல்லாருக்கும் மனப்பாடம். 'சனத்துக்கு மருந்து கிடைக்கிற சட்டத்தை வாயாலையே மறிக்கிறாங்கள், வெக்கம் கெட்டவங்கள்' என்று மாதக்கணக்காகத் திட்டுகிறவர் அவர்தான்.

பத்து நிமிடம் போயிற்று. இருபதும் போயிற்று.

'நேரம் முடிஞ்சுது! மைக்கை விடுங்கோ!' பெரிய சிவப்பு எழுத்தில் எழுதினார் ஜெயசிங்கம்.

"கதைக்க விசயம் இல்லாட்டி, கையிலை கிடைக்கிறதை எல்லாம் வாசிப்பினமாம்," என்றார் ஆனந்தராஜா. கடதாசி சரசரத்தது. "கோழிக்கால் ரெண்டு கிலோ முப்பத்தொன்பது குரோனர். வெண்ணெய் ஒண்டு எடுத்தால்..."

'எந்தக் கடை?' என்று ஒருவர் எழுதினார்.

குசினியிலிருந்து மனைவி மனோன்மணி வந்தாள். "என்னப்பா இது? ஒரு மனிசி நெஞ்சிலை நெருப்போடை இருக்க, இந்தாள் கோழிக்கால் விக்குது! நீங்களும் பாத்துக்கொண்டு இருக்கிறியள்!"

"நான் என்னப்பா செய்யிறது? சொல்வழி கேட்டால்தானே!"

மேசையின் மறுபக்கம் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் கிருபாஷினி, நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

விளம்பரத் தாள் முடிந்தது. ரயில் நேரங்கள் வந்தன. அதுவும் முடிந்து நண்டுக்கறி வந்தது.

"முதல்லை நண்டின்ரை காலை முறிக்கவேணும்..."

'உங்கடை காலைத்தான் முறிக்கவேணும்!' என்று எழுதினார் அந்தோனிதாசன்.

ஜெயசிங்கம் மேசையில் குத்தினார். கோப்பி துள்ளிச் சிந்தியது.

ஐந்து மணி இரண்டு நிமிடம். "தொண்டை காய்ஞ்சுபோச்சு, மன்னிக்கவேணும்," என்று மைக்கை விட்டார் ஆனந்தராஜா.

அந்தோனிதாசன் பாய்ந்து எடுத்தார். "அச்சகம் பூட்டியாச்சு! படம் போடேலாது! செனட்டர்மாரை வெக்கம் கெட்டவங்கள் எண்டு திட்டுறனீங்கள், இப்ப நீங்கள் செய்தது என்ன?"

"வெக்கம் கெட்ட வேலைதான் தம்பி," என்றார் ஆனந்தராஜா. "ஆனால் வேலை செய்யுது."

அப்போது விமலராணியின் பெயருக்கு எதிரே ஒரு வரி வந்தது.

'நண்டுக்குத் தேங்காய்ப்பால் எப்ப விடுறது அண்ணை?'

மே மாதத்துக்குப் பிறகு, தம்பியைப் பற்றி அல்லாமல் அவள் எழுதிய முதல் வரி.

'கடைசியிலை தங்கச்சி. விட்டாப் பிறகு கொதிக்க விடாதை' என்று முந்திக்கொண்டு பதில் எழுதியவர் அந்தோனிதாசன்.

ஜெயசிங்கம் சிந்திய கோப்பியைத் துடைத்தார். கிருபாஷினி வீட்டுப்பாடக் கொப்பியை மூடினாள்.

"அப்பா, அமெரிக்காவிலை வாயை மூட அறுபது பேர் வேணும் எண்டு அந்த மாமா சொன்னவர்."

"ஓம்."

"இந்த அறையிலை உங்கடை ஒரு விரலே போதும்தானே?"

ஜெயசிங்கம் குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"மௌஸ் பழுதடி பிள்ளை," என்று சொல்லிக்கொண்டே, அதே மௌஸால் அறையை மூடினார்.