மீனுக்குப் போட்ட நத்து

மீன் புடவை கட்டிக்கொள்ள மறுத்தது.

பெரிய ரோகு. சிவப்புப் பட்டுத் துணியைச் சுற்றச் சுற்ற வழுக்கியது. கேதகி விடுவாளா? கொசுவத்தை மடித்து, வால் பக்கம் ஓர் ஊசி குத்தி, தாம்பாளத்தில் மணப்பெண்ணாகக் கிடத்தினாள்.

"மா, சீக்கிரம். அங்க மஞ்சள் அரைச்சு வெச்சுக்கிட்டு எனக்காக உட்கார்ந்திருக்காங்க."

வாசலில் நின்றவன் புப்லு. அவள் மகன், இன்றைய மாப்பிள்ளை. விடியுமுன் தயிரும் அவலும் தின்றதோடு சரி, இனி கல்யாணம் முடியும்வரை பட்டினி. மீனை வாங்கிக்கொண்டு பவானிப்பூரில் அப்பா வீட்டுக்குப் போக வேண்டும். அங்கிருந்துதான் அத்தைமார் பெண் வீட்டுக்குச் சீர் எடுத்துப் போவார்கள். வங்காளக் கல்யாணத்தில், மணப்பெண்ணாக அலங்கரித்த மீன் இல்லாத சீர், சீரே இல்லை.

பெண் தியாஷாவின் அம்மா போட்டது ஒரே நிபந்தனை. அந்தப் பொம்பளையின் கை எதிலும் படக் கூடாது.

அந்தப் பொம்பளை கேதகிதான். தொலைக்காட்சியில் அவள் பிரபாபதி தேவி. சாயங்காலம் ஆனால் போதும், மருமகளை அறையில் பூட்டுவாள், பாயசத்தில் தூக்க மாத்திரை கலப்பாள், நாத்தனாரின் நிச்சயதார்த்தத்தை நிறுத்துவாள். கேதகி நடித்தாள் என்று கல்கத்தாவில் யாரும் சொல்வதில்லை. செய்தாள் என்றுதான் சொல்வார்கள். மீன் சந்தையில் ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். அன்று கேதகி தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தாள். அதைவிடப் பெரிய விருது எவன் கொடுப்பான்?

ஆனால் விருது வீட்டில் சோறு போடாது.

புருஷன் பிரிந்தபோது, 'வீட்டிலும் இவள் அப்படித்தான்' என்றான். சொந்தக்காரர்கள் உடனே நம்பினார்கள். அவர்கள்தான் தினமும் பார்க்கிறார்களே. அப்புறம் ஒருவன் வந்தான், தொடரில் அவளுக்குக் கணவனாக நடித்தவன். வெளியிலும் ஆகிறேன் என்று பின்னாலேயே சுற்றினான். 'அந்த ராட்சசி இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது' என்றாள் அவன் அம்மா. மகனும் தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை.

அதெல்லாம் போகட்டும். ஒன்றுதான் அவளுக்கு முள். அப்பா வீட்டில் வளர்ந்த புப்லு, 'அம்மா வங்கியில் வேலை பார்க்கிறாங்க' என்று சொல்லியே பள்ளிக்கூடம் முடித்தான், கல்லூரியும் முடித்தான். அவளுக்குத் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை. நாலு பேர் முன்னால் அவன் ஒரே ஒரு தடவை 'என் அம்மா' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

இந்த மீனையும் அவன்தான் அவளை வாங்கச் சொன்னான். யார் வாங்கினார்கள் என்று மீனிடம் எவன் கேட்கப் போகிறான் என்று சிரித்தான். பாசத்தோடுதான் சொன்னான். அதுவும் ஒளித்து வைப்பதுதானே.

கேதகி ஒரு சிறிய டப்பாவைத் திறந்தாள்.

உள்ளே நத்து, மூக்கில் போடும் வளையம். வளையல் அகலம், நடுவில் ரத்தச் சிவப்பாய் ஒரு கல். அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்டது. ஸ்டூடியோக்காரர்கள் கொடுத்த கவரிங்கைத் தள்ளிவிட்டு, முதல் நாளிலிருந்து இதைத்தான் பிரபாபதிக்குப் போட்டு வருகிறாள். சதி ஒன்று முளைக்கும்போதெல்லாம் பிரபாபதியின் விரல் இதைத் திருகும். ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட அப்படித் திருகிக் காட்டும்.

அதை நூலில் கோத்து மீனின் உதட்டில் கட்டினாள்.

"ஐயோ மா! அது வேண்டாம். பார்த்த உடனே யாரோடதுன்னு தெரிஞ்சுடும்."

"தெரியட்டும்."

"அத்தை பார்த்தா குதிப்பாங்க. தியாஷாவோட அம்மா கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க."

கேதகி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

புப்லு குனிந்தான். முடிச்சின் மேல் விரலை வைத்தான்.

தாம்பாளத்திலிருந்து தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கேமரா முன்னால் எத்தனை பேர் குடியைக் கெடுத்த கேதகி, இப்போது அந்த ஒற்றை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் முடிச்சை அவிழ்க்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த நத்தை நேராக்கினான். சிவப்புக் கல் மேலே தெரியும்படி வைத்தான்.

"இருக்கட்டும் மா. யார் கேட்டாலும் என் அம்மாவோடதுன்னு சொல்றேன். அப்பா கேட்டாலும் சரி, தியாஷாவோட அம்மா கேட்டாலும் சரி. கல்யாணம் நின்னா தியாஷா தானாவே கிளம்பி என்கிட்ட வந்துடுவா."

தாம்பாளத்தை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படி இறங்கினான். கீழ் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். "என் அம்மா அலங்காரம் பண்ணது" என்று அவன் சொன்னது மாடிவரை கேட்டது.

கேதகிக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கார் திரும்பும்வரை நின்றாள்.

கைப்பேசி அடித்தது. உத்தர்பாராவிலிருந்து பெண்ணின் அம்மா. புப்லுவுக்குத் தெரியாமல் நேற்றுப் பேசியது போலவே குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சம்பந்தியம்மா, நேத்து கேட்டேனே, அந்த நத்து வருதில்ல? பெரியவங்க முன்னாடி வீம்புக்கு ஏதோ சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. பிரபாபதி தேவி என் சம்பந்தின்னா எங்க அக்கா தங்கச்சி ஒருத்தியும் நம்ப மாட்டேங்கறா. அதைப் பார்க்க எல்லாரும் வாசல்லயே நிக்கறாங்க."

"வருது," என்றாள் கேதகி. "என் பையனே கொண்டுபோறான்."

விரல் தானாக மூக்கருகே போயிற்று. திருக அங்கே நத்து இல்லை.