மொரெல் ஐயாவுக்கு ஒரு விளக்கு

தவரத்தினம் கற்பூரத்தைக் கொளுத்திக் கல்லுக்கு மூன்று தரம் சுற்றிக் காட்டினார். நடைபாதையில் போன வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்க்கடைக் குலசேகரம் சப்பாத்தைக் கழற்றிவிட்டே தெருவைக் கடந்து வந்தார், அந்த நவம்பர்க் குளிரில்.

பாரிஸில் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், தவரத்தினத்தின் பலசரக்குக் கடைக் கதவோரம், சுவரில் பதித்த கல் அது. மொரெல் என்ற பெயரும் 1914 என்ற ஆண்டும் தெரியும். உலகப் போர் தொடங்கின வருசமே விழுந்த பிள்ளை, பாவம் என்று நாலு வருசத்துக்கு முன் தவரத்தினம்தான் முதலில் சொன்னார். தெரு நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? பாரிஸில் தெருவுக்குத் தெரு, பிரான்சுக்காக இன்னார் இங்கே விழுந்தார் என்று ஒரு கல் இருக்கிறது. போரில் போனவனுக்குப் பூ வைக்காமல் விட எங்கள் சனத்துக்கும் மனம் வராது.

முன்பெல்லாம் கடை திறந்ததும் அவர் மனைவி கோசலை ஜாவெல் என்ற கிருமிநாசினியை ஊற்றி அந்தச் சுவரடியைத் தேய்ப்பாள். மொரெல் ஐயா வந்த பிறகு ஜாவெல் நின்றுபோனது. பூ, சாம்பிராணி, ஒரு கோப்பை பால் தேத்தண்ணி. பிரெஞ்சுக்காரனுக்கு வைன் வைக்கலாமே என்று மேல்மாடி ஜெனவியேவ் அம்மா சொல்லிப் பார்த்தார். கோசலை கேட்டால்தானே.

ஜெனவியேவின் தமையன் அல்ஜீரியப் போரில் செத்தவன். அவன் பெயர் வெட்டிய கல் எங்கோ தூரத்தில், அவர் பிறந்த ஊரில் இருக்கிறது. முழங்கால் விடாது, போக முடியாது. அதனால் இங்கே வந்து ஒரு செவ்வந்திப் பூவை வைத்து, மொரெலைப் பார்த்து அழுதுவிட்டுப் போவார்.

இந்த வருசம் அவர்தான் பழைய படைவீரர் சங்கத்துக்கும் சொல்லிவிட்டார். போர் தொடங்கி நூறு வருசமல்லவா, போர் ஓய்ந்த நாளான பதினோராம் திகதி கொடியோடு வருகிறோம் என்றார்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்கள்: மொரெல் எந்தப் படைப்பிரிவு?

தவரத்தினம் தலையைச் சொறிந்தார். மகள் லக்சிகா லிசே என்ற உயர்பள்ளியில் சரித்திரம் படிக்கிறவள், விட்டுவிடுவாளா? கல்லின் கீழ்வரி, கடைச் சுவருக்கு அடித்த நீலப் பெயின்றுக்குள் மறைந்து கிடந்தது. அப்பா தானே அடித்தது. அவருக்கு ஒன்றையும் நேராக அடிக்கத் தெரியாது. படைப்பிரிவு அதற்குள்தான் இருக்கும் என்று, விழாவுக்கு முதல்நாள் பள்ளியால் வந்ததும் அவள் சுரண்டத் தொடங்கினாள்.

படையும் இல்லை, பிரிவும் இல்லை. ‘ஆர்ஷிதெக்த்’ என்று இருந்தது. இந்தக் கட்டடத்துக்குப் படம் வரைந்த மனுசன், கட்டி முடித்த வருசத்தையும் போட்டுத் தன் பெயரை வெட்டி வைத்திருக்கிறான். போருக்கும் போகாமல் கிழடாகிக் கட்டிலில் நிம்மதியாகச் செத்திருப்பான்.

லக்சிகா சுரண்டுவதை நிறுத்தினாள். நாளைக்குக் கொடி வரும். குலசேகரம் சப்பாத்தில்லாமல் வருவார், ஜெனவியேவ் அழுவார். விசயம் வெளிக்கிட்டால் புறநகர் சார்செல்லில் இருக்கிற எங்கள் சனம் வரைக்கும் அப்பாவை வைத்துச் சிரிப்பார்கள். வழக்கமாகப் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், உள்ளே ஓடிப்போய்த் தமிழிலேயே சொன்னாள்.

“அப்பா, அது செத்த சிப்பாயின்ரை கல் இல்லை. இந்த வீட்டைக் கட்டினவரின்ரை பேர்.”

தவரத்தினத்தின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு நீலப் பெயின்ற் டப்பாவையும் தூரிகையையும் எடுத்தார்.

“சுரண்டிப்போட்டியே? அதை மறைக்க ரெண்டு தரம் அடிச்சனான்.”

லக்சிகா வாயைப் பிளந்தாள். பிறகு மேல்மாடியை நினைத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவை இவ்வளவு நாளும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லையே என்றிருந்தது.

“ஜெனவியேவ் அம்மா அழுறதுக்கு ஒரு இடம் வேணும் எண்டுதானே அப்பா, இவ்வளவும் செய்தனீங்கள்?”

“அது பேந்து வந்தது.” தவரத்தினம் வெளியே வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தூரிகையைத் தோய்த்தார்.

“முதல்லை இந்தச் சுவரிலை சாமிப் படம்தான் ஒட்டிப் பாத்தனான், பிள்ளை. அதிலையும் மூத்திரம் பெய்துபோட்டுப் போனாங்கள்.”