நன்றிப் பக்கம்

கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். அன்றைக்கென்று பார்த்து அப்ளிகேஷன் சர்வர் படுத்துவிட்டது.

மேலாளர் வந்து, சர்வர்களைக் கவனிக்கும் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றார். வெப் சர்வர்தான் நன்றாக ஓடுகிறதே, பிறகு என்ன கேடு என்றார்.

அவள் மூன்றாவது முறையாக விளக்கினாள். வெப் சர்வர் வாசலில் நிற்கும் ஆள். கையில் இருக்கும் பக்கத்தை எடுத்து நீட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. மதிப்பெண்ணைச் சரிபார்த்து, விண்ணப்பத்தைப் பதிந்து, எண் கொடுப்பதெல்லாம் உள்ளே இருக்கும் அப்ளிகேஷன் சர்வர். இப்போது வாசலில் ஆள் நிற்கிறான், உள்ளே யாரும் இல்லை.

"எனக்கு இந்த வித்தியாசமெல்லாம் வேண்டாம்மா. வாசல்ல நிக்கிறவனையே நன்றி சொல்லி அனுப்பச் சொல்லு. எரர்னு ஒண்ணும் வெளியே தெரியக் கூடாது."

மேலிடத்துக்கு நடுங்குகிறவர்களுக்கு மூளை இப்படித்தான் வேலை செய்யும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள்.

'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. நன்றி.'

யார் எதை அனுப்பினாலும் அதே பக்கம். அனுப்பியது எங்கும் பதியவில்லை.

பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். நன்றியை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள்.

ஒருவழியாக அப்ளிகேஷன் சர்வர் எழுந்தது. நன்றிப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். மறுபடி விழுந்தால் மானம் போய்விடும், இருக்கட்டும் என்றார்.

நேரம் முடியக் கொஞ்சம் இருக்கையில் அவருடைய கைபேசி அடித்தது. மகள். விண்ணப்பம் போட்டாயிற்றாம், நன்றியும் வந்துவிட்டதாம், எண்தான் வரவில்லையாம்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இந்த முறை யாரும் அவருக்கு வித்தியாசத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊழியர்களுக்கென்று உள்ளே போக ஒரு வழி இருந்தது. அவர் நின்றபடியே மகளின் மதிப்பெண்களைச் சொல்லச் சொல்ல, அவள் அந்த வழியில் போய்ப் பதிந்தாள். எண் வந்தது. அவர் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இப்பவாவது அந்த நன்றியை எடுத்துடலாம் சார். மத்ததும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே?"

அவர் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நன்றி போட்டதுக்கு அப்புறம் உள்ளே ரெண்டு பேர் பதிவாகியிருக்காங்க. ஒண்ணு என் பொண்ணு. இன்னொண்ணு யாரும்மா?"

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

நேரம் முடியும்வரை நன்றிப் பக்கம் அப்படியே இருந்தது.

அவருடைய மகளுக்கு முன்பே அவளுடைய தம்பி கூப்பிட்டிருந்தான்.